கண்ணடிக்கும் ஆந்தை

துருப்பிடித்த இரும்புக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து நிறுத்திவிட்டால் அதற்குப் பெயர் கலையாம். மூடிப்போன எங்கள் தொழிற்சாலையின் பின்பக்க மைதானத்தில், கழித்துப்போட்ட இயந்திரங்களை வெட்டி ஒட்டி முப்பது சிலைகள் வைத்திருந்தார்கள். சங்கிலியில் ஒரு அன்னம். ஸ்பேனர்களில் ஒரு சூரியகாந்தி. பார்க்கப் பார்க்க எனக்குக் குமட்டியது. பழைய தொழிலாளிகளுக்கு இலவசம் என்று வந்த தாளை நான் கிழித்தே போட்டிருந்தேன். தம்பிதான் போயே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

தம்பிக்கு வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். மற்ற நான்கையும் எட்டு வருடங்களுக்கு முன் இங்கிருந்த தகடு அழுத்தும் பிரஸ் ஒன்று நசுக்கிவிட்டது. அதில் இரண்டு பச்சைப் பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல்பாகம் இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. வேலை வேகமாக நடக்கட்டும் என்று போர்மேன் ஒரு பொத்தான் அமுங்கியே கிடக்கும்படி வெல்டிங் வைக்கச் சொன்னார்; மற்றதை மட்டும் தட்டினால் போதும். வெல்டர் நான். வைத்தேன். மூன்றாம் வாரம் அந்தப் பிரஸ்ஸின் ஆள் லீவு போட, எனக்குத் தெரியாமல் தம்பியை அங்கே மாற்றிவிட்டார்கள். இரண்டு கையும் வைக்காமல் இறங்காது என்ற நம்பிக்கையில் உள்ளே கைவிட்டுத் தகட்டை நேராக்கியிருக்கிறான். இடது முழங்கை மற்றப் பொத்தானில் பட்டுவிட்டது.

அன்றைக்கு நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. அவனுடைய கவனக்குறைவு என்று விசாரணையில் எழுதினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவனும் அதை நம்பிவிட்டான். உனக்குப் பாரமாகிவிட்டேனே, மன்னிச்சுடு என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பான். ஒவ்வொரு முறையும் பெரிய மனுஷன் போல முதுகில் தட்டி, விடுடா என்றிருக்கிறேன்.

அந்தப் போர்மேன்தான் இப்போது இங்கே சுற்றிக்காட்டுகிறவர். தலையில் ஓலைத்தொப்பி, கழுத்தில் அட்டை. தம்பியைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியக் கை நீட்டினார். பிறகு நினைவு வந்து, நீட்டிய கையால் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அந்தச் சிரிப்பின் மேல் காறித் துப்பலாம் போலிருந்தது.

கடைசியில் ஆந்தை. கியர் சக்கரங்களில் இறக்கை, கண்கள் இரண்டும் பச்சைப் பொத்தான்கள். குழந்தைகள் வரிசையில் நின்று அழுத்தினார்கள். ஒரு கண் உள்ளே போய்த் திரும்பி வந்தது. மற்றது அமுங்கியபடியே கிடந்தது. சிற்பி இதில் கையே வைக்கவில்லை, கிடைத்தபோதே இப்படிக் கண்ணடித்துக்கொண்டுதான் இருந்தது என்று போர்மேன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

தம்பி சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தான். நான் இடதுகைக்காரன், எந்த வெல்டிங்கை முடித்தாலும் அதன் நுனி சுருண்டு ஒரு பக்கமாக இழுக்கும். பட்டறையே அதைப் பன்றிவால் என்று கேலி செய்யும். அந்தப் பெயரை வைத்ததே தம்பிதான். மூடிய கண்ணின் ஓரத்திலும் அப்படி ஒரு சுருள் இருந்தது. மிச்சமிருந்த கட்டைவிரலால் அதைத் தடவினான்.

"பன்னிவால்" என்றான், என்னைப் பார்க்காமல்.

போர்மேன்தான் சொன்னார் என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்த வார்த்தையே எனக்கு நாறியது. விழுங்கினேன்.

"ஆமாடா. நான்தான் வச்சேன்."

கத்துவான் என்று நினைத்தேன். அவன் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

"எட்டு வருஷமா உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டிருக்கேன். ஒருநாள்கூட உனக்குக் கூசலையாண்ணே?"

பதிலுக்கு அவன் நிற்கவில்லை. அன்னத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டிப் போய்விட்டான். என் மேலேயே துருவும் பெயிண்டும் சேர்ந்து வீசுவது போல அருவருப்பாக இருந்தது.

வரிசையில் அடுத்து நின்ற சிறுமி என்னை நகரச் சொல்லிவிட்டு, மூடிய கண்ணை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அது வராது. அவ்வளவு உறுதியாக வைத்திருக்கிறேன். வைத்த அன்றைக்கு எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.