மிருகசீரிஷத்துக்குத் தெற்கே

அல்சூர் சேஷகிரியின் மகள் அனந்தலக்ஷ்மி, இறந்த பிறகு எட்டு வருஷம் வளர்ந்தாள். 1898இல் ஊருக்குள் பிளேக் வந்தபோது அவளுக்கு ஆறு வயது. அக்குளில் நெறி கட்டிய அன்றே வண்டி வந்து அவளை பிளேக் முகாமுக்குக் கொண்டுபோனது. பெற்றவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு சேவகன் வந்து, எல்லாம் ஆயிற்று, எரித்தும் ஆயிற்று என்று சொல்லிவிட்டுப் போனான். அழுதால் தங்களுக்கும் நோய் என்று பிடித்துப்போவார்களோ என்ற பயத்தில் சேஷகிரியும் அவர் மனைவி கோமளமும் அழவில்லை.

சேஷகிரிக்கு சர்வே ஆபீஸில் படம் வரையும் வேலை. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் தொலைநோக்கியை ஏலத்தில் எடுத்து மொட்டைமாடியில் வைத்திருந்தார். விளக்கு வைத்த பிறகு, நெபுலா எனப்படும் வானத்து வெண்படலங்களைப் பார்த்து நோட்டில் வரைவார். அடுத்த தை மாதம், கார்த்திகைக் கூட்டத்துக்கு அருகே, எந்த அட்டவணையிலும் இல்லாத சின்னப் படலம் ஒன்றைக் கண்டு கோமளத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"தலையை யாரும் பின்னிவிடலை போலிருக்கே" என்றாள்.

"இது வெறும் ஆவி, கோமளம்" என்றார் சேஷகிரி.

சீமையிலிருந்த வானியல் சங்கத்துக்கு எழுதினார். அந்த இடத்தில் ஒன்றுமில்லை, லென்ஸைத் துடைத்துப் பார்க்கவும் என்று பதில் வந்தது. துடைத்துப் பார்த்தார். அவள் இருந்தாள். வருஷத்துக்கு வருஷம் உயர்ந்தாள். கோமளம் படத்தைப் பார்த்துப் பாவாடை தைத்துப் பெட்டியில் அடுக்கினாள். தெருக்காரர்கள் தைப்பொங்கலன்று மாடியேறி, குழந்தை இந்த வருஷம் கொஞ்சம் இளைத்திருக்கிறது என்றோ, நிறம் வந்திருக்கிறது என்றோ சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

1906இல் ஒரு நாள் அந்த இடம் காலியாக இருந்தது. சேஷகிரி கோமளத்திடம் சொல்லாமல் மாசி முழுவதும் தேடினார். இன்னொரு முறை செத்துப்போனாளோ என்று சோறு இறங்கவில்லை. கடைசியில் மிருகசீரிஷத்துக்குத் தெற்கே, மஞ்சள் நட்சத்திரம் ஒன்றின் பக்கத்தில் கண்டார். இறங்கி வந்து சொன்னார்.

"மாப்பிள்ளை எப்படி இருக்கார்?" என்று கேட்டாள் கோமளம்.

சேஷகிரி மறுபடி மாடியேறிப் பார்த்துவிட்டு வந்தார். "சாதுவாத்தான் தெரியறார்."

அன்று இருவரும் வாய்விட்டு அழுதார்கள். பெண்ணை அனுப்பிவைத்த வீட்டில் அழுதால் யாரும் வண்டி கொண்டுவருவதில்லை. அண்டை வீடுகளிலிருந்து பாயசம் வந்தது.

மூன்று வருஷம் கழித்து அந்தப் படலத்தை ஒட்டி இன்னொரு துளி வெண்மை தெரிந்தது. கோமளம் இஞ்சியும் திப்பிலியும் இடித்துப் பிரசவ லேகியம் கிளறினாள். ஆறிய பிறகுதான் அதைச் சாப்பிட வீட்டில் ஆளில்லை என்பது நினைவுக்கு வந்து, அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டு நோரா அப்போது பிள்ளை பெற்றிருந்தாள். சேஷகிரியே கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"உங்க பொண்ணுக்கு என்ன கொழந்த, ஐயரே?" என்றாள் நோரா.

"இன்னும் தெரியலம்மா. ரொம்ப தூரத்துல இருக்கா."

நோரா தலையாட்டிவிட்டு, லேகியத்தில் ஒரு விரல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.