ரெண்டு தடவ பார்த்தியா

அந்த அலுவலகத்தில் அண்ணனுக்கு 'சிஸ்டம்' என்று பெயர். அவன் போன பிறகு அதே நாற்காலிக்கு வந்த தம்பிக்கு 'குட்டி சிஸ்டம்' என்ற பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. விபத்து இழப்பீட்டு மனுக்களைப் பரிசீலிக்கும் அலுவலகம் அது. மூன்று மாடி, மாடிக்கு மாடி கணினிகள். அத்தனையையும் ஒரே ஆள் மேய்க்க வேண்டும். ஆடு மேய்ப்பவனுக்காவது கையில் கோல் இருக்கும். இவனுக்கு இருந்ததெல்லாம் அண்ணன் எழுதிவைத்துவிட்டுப் போன சின்னச் சின்னக் கருவிகள்தான்.

அவற்றுக்கு அண்ணன் வைத்த பெயர் 'கைப்பெட்டி'. காலையில் எல்லாக் கணினிகளையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுப்ப ஒன்று. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாவற்றையும் அணைக்க ஒன்று. ஒரு கணினியில் உள்ள கோப்புகளை இன்னொன்றில் அப்படியே படியெடுக்க ஒன்று. அதன் பெயர் 'கண்ணாடி'. கடையில் வாங்கும் மென்பொருள்கள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பேசும். அண்ணனுடையவை அண்ணனைப் போலவே பேசின. ஏதாவது ஒரு கணினி பதில் சொல்லாவிட்டால், 'தூங்குறான். உசுப்பட்டா?' என்று திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும். எதையாவது மாற்றப் போனால், அழிக்கப் போனால், 'டேய், ரெண்டு தடவ பார்த்தியா?' என்று கேட்கும். கீழே இரண்டு பொத்தான்கள்: 'பார்த்தேன்', 'பார்க்கல'.

அண்ணன் இறந்த பிறகு தம்பியால் அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. யாரோ பின்னாலிருந்து தோளைத் தொட்ட மாதிரி இருக்கும். திரும்பினால் சுவர். ஒருநாள் கைப்பெட்டியின் பொது அமைப்புக்குள் போய் 'இனிமேல் கேட்காதே' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டான். அன்றிலிருந்து கைப்பெட்டி ஊமையாகவே வேலை செய்தது.

பழைய கணினிகளை எடுத்துவிட்டுப் புதியவை வைக்கும் வேலை அந்த வாரம் நடந்தது. கீழ் மாடிகள் முடிந்து, மூன்றாம் மாடியில் அண்ணியின் மேசை மட்டும் பாக்கி. அண்ணி அங்கே மனுக்களைப் பதிவு செய்கிறவள்.

"என் பொட்டிய எப்ப எடுக்கறீங்க தம்பி?"

"மத்தியானம், அண்ணி. சாயங்காலம் பழசெல்லாம் லாரியில போயிடும்."

"அதுல அவர் பேசினது இருக்கு."

"அத மறப்பனா?"

ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி அண்ணன் தன் மகளுக்காகக் கதை சொல்லிப் பதிந்த குரல் அது. மூச்சு வாங்க வாங்கச் சொன்ன கதைகள். ஒன்றில் நடுவே நர்ஸ் வந்து திட்டுவதும் கேட்கும். போன் அங்கேயே திருடு போய்விட்டது. அதற்குள் அண்ணி எல்லாவற்றையும் அலுவலகக் கணினிக்கு மாற்றியிருந்ததால் தப்பித்தது. இன்றுவரை அது அங்கே மட்டும்தான்.

"வீட்ல வச்சா நாள் பூரா அதையேதான் கேட்டுட்டு இருப்பேன். சோறு யாரு ஆக்குறது?" என்று அவள் சிரித்திருக்கிறாள். மதிய இடைவேளையில் ஹெட்ஃபோன் மாட்டி ஒரு கதை கேட்பாள். அவ்வளவுதான் அவள் கணக்கு.

"கடைசி ஒண்ண மட்டும் இன்னும் திறக்கல," என்றாள் இப்போது, எழுந்து நாற்காலியை அவனிடம் விட்டபடி.

"ஏன் அண்ணி?"

"திறந்துட்டா அப்புறம் என்ன இருக்கு?"

அவள் சாப்பிடப் போனாள்.

மற்றவர்களுடையதை எல்லாம் தம்பி புதிய கணினியின் முன் உட்கார்ந்துதான் படியெடுத்தான். 'கண்ணாடி'யின் வழக்கம் அது: ஆள் உட்கார்ந்திருக்கும் கணினியைத்தான் நகல் என்று எடுத்துக்கொள்ளும், பெயரைத் தட்டிக் காட்டும் மற்றது அசல். அண்ணியின் பெட்டியை மட்டும் கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டான். அதனால் பழையதன் முன்னாலேயே உட்கார்ந்தான். புதியதன் பெயரைத் தட்டினான். 'தொடங்கு' என்றான்.

இமைப்பதற்குள் முடிந்தது. என்ன வேகம் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டான்.

புதியதைத் திறந்தான். ஒன்றுமில்லை. பழையதைத் திறந்தான். அங்கும் ஒன்றுமில்லை. 'கண்ணாடி' சொன்னதைச் செய்திருந்தது. வெறுமையை அசலாக எடுத்துக்கொண்டு, இந்தப் பக்கம் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு, வெறுமையை அச்சுப் பிசகாமல் படியெடுத்திருந்தது.

அழிந்த கோப்புகளைத் தோண்டி எடுக்கும் கருவியை ஓடவிட்டான். ஒரு துண்டு துணுக்குகூடக் கிடைக்கவில்லை. இந்த வகை வட்டு, அழித்ததை அந்த நொடியே கழுவித் துடைத்துவிடும். கீழே இறங்கி ஓடி, எல்லாக் கணினிகளின் மாற்று நகலும் சேரும் சேமிப்பகத்தில் தேடினான். அலுவலக மனுக்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. 'சொந்தக் கோப்புகளைச் சேர்க்க வேண்டாம், இடம் போதவில்லை' என்று போன வருஷம் விதி போட்டவன் அவன்தான். எலிக்கு வைத்த பொறியில் எல்லாம் அவன் கையே மாட்டிக்கொண்டிருந்தது.

அவன் மேலே வந்தபோது அண்ணி சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்றிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"அண்ணி... போயிடுச்சு."

"எது?"

"எல்லாம். தப்பு என்னுதுதான். திசைய மாத்திக் குடுத்துட்டேன்."

பாத்திரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் அதை மேசைமேல் வைக்கவில்லை.

"கடைசி ஒண்ணுமா?"

அவன் ஆமென்று தலையசைத்தான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அவர் கேட்டிருப்பாரே," என்றாள் மெல்ல. "வீட்லயும் அதே பாட்டுதான். கதவப் பூட்டினா, அடுப்ப அணைச்சா, ரெண்டு தடவ பார்த்தியாம்பாரு. உங்க கைப்பொட்டியிலயும் எழுதி வச்சிருக்கேன்னு சொன்னாரே. கேக்கலயா?"

"நான்தான் கேக்க வேணாம்னு மூடி வச்சேன். முடியல அண்ணி."

அவள் பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள். கோபம் வந்ததா, அவனுடைய 'முடியல' புரிந்ததா, அவனுக்குத் தெரியவில்லை.

"அதக் காட்டுங்க."

அவன் குறியை எடுத்துவிட்டு, காலியான பழைய கணினியில் 'கண்ணாடி'யை மறுபடி தொடங்கினான். பெட்டி வந்தது. 'டேய், ரெண்டு தடவ பார்த்தியா?' அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை.

லாரிக்காரர்கள் வந்தபோது, அந்த ஒன்றை விட்டுவிடச் சொன்னான்.

ஆறு மணிக்கு அவன் கீழே தன் இடத்தில் இருந்தான். வழக்கமாக எல்லாக் கணினிகளும் தாமாக அணையும் நேரம். இன்று அணையவில்லை. வாய்ப்பூட்டை எடுத்துவிட்டதால் அந்தக் கருவியும் அவன் திரையில் கேட்டது: 'கடையக் கட்டலாமா?'

வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு எட்டிப் பார்த்தார். "என்ன குட்டி சிஸ்டம், இன்னிக்கு உங்க மந்தை தூங்கலயா? மூணாம் மாடியில ஆளிருக்கு போல."

"இதோ போறேண்ணே."

'கட்டலாம்' என்று அழுத்தினால் மேலே அண்ணியின் திரையும் அணைந்துவிடும். அவன் அழுத்தவில்லை. படியேறிப் போனான்.

மற்ற மேசைகளில் ஆளில்லை, திரைகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. அண்ணி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அந்தக் கேள்வியின் முன் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. அந்தப் பெட்டிக்குச் சத்தம் கிடையாது. அண்ணன் அதில் குரல் எதையும் சேர்க்கவில்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அவன் அதைச் சொல்லவில்லை. கதவருகிலேயே நின்றான்.