எந்த அவிய?

ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரும் நாள். ஆறு குடம் பிடித்தேன். குளித்தேன். பால் காய்ச்சி அத்தைக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். அத்தை என்றால் என் மனைவி வனிதாவின் அம்மா சொர்ணத்தாய். வனிதா இறந்து பதினெட்டு நாள். அத்தை நாளை பசுவந்தனைக்குத் திரும்புகிறார்.

எட்டு மணிக்குச் சோலைராஜ் அண்ணாச்சி வந்தார். கட்சியின் வட்டச் செயலாளர். கையில் நோட்டீஸ் கட்டு.

"ஏலே கார்த்தி, வெள்ளைச் சட்டையை மாட்டு. பத்து மணிக்கு மந்திரிக்கு வரவேற்பு. மேடையில அவிய பக்கத்துல உனக்குச் சேர் போட்டிருக்கு."

அவிய என்று அண்ணாச்சி மரியாதையாகச் சொன்ன மந்திரி எங்கள் வேட்பாளர். நூற்றுத் தொண்ணூறு ஓட்டில் ஜெயித்தவர். அந்த ஓட்டுகளை எண்ணும்போது கட்சியின் முகவராக நான் மேசைக்கு எதிரே இருந்தேன். அன்று வனிதா டெங்குவில் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் இருந்தாள். துணைக்கு அத்தை இருந்தார். பதினோரு மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன். போனை எண்ணும் மையத்தின் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் முன்னிலை மாறியது. யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. நான் எழுந்து வரவில்லை. அவள் ஒன்றேகாலுக்கு இறந்தாள். போன் என் கைக்கு வரும்போது நாலரை.

நோட்டீஸில் எங்கள் கல்யாணப் படம். என்னை வெட்டியிருந்தார்கள். அவள் தோளில் என் விரல்கள் மட்டும் மிச்சம். அத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

'உயிர் பிரியும் நேரத்திலும் "நம் ஆட்சி வந்துவிட்டதா?" என்று கேட்ட வீரமங்கை.'

எனக்கு இது புதிதல்ல. மகளிர் அணி செண்பகவல்லி அன்றே சொன்னார். நான் நம்பினேன். கடைசியில் அவள் தேடியது என்னை இல்லை என்பதில் ஒரு வசதி இருந்தது.

"இதை எவ சொன்னா?" என்றார் அத்தை.

"செண்பகவல்லிதான் பெரியம்மா. கட்டில் பக்கத்துல நின்னு காதால கேட்டிருக்கு. 'அவிய வந்துட்டாவளா'ன்னு வனிதா கேட்டுதாம். டிவியில தலைவர் முன்னிலைன்னு ஓடிட்டிருந்திருக்கு. தலைவரை நாம அவியன்னுதான சொல்லுவோம்? நோட்டீஸுக்காக இலக்கணமா மாத்தினோம்."

"நல்லா மாத்தின. ஏம்லே, கட்டின புருசன் இருக்கையில டிவியில வாரவரையா எம்மவ அவியம்பா? மூணு வருசத்துல இவிய பேரை அவ வாயால சொன்னதுண்டா?"

அண்ணாச்சி என் கையிலிருந்த நோட்டீஸை வாங்கிக் கட்டில் செருகினார்.

"ஐயாயிரம் அடிச்சாச்சு பெரியம்மா. ஃப்ளெக்ஸும் கட்டியாச்சு. இப்பப் போயி மந்திரிகிட்ட, அந்த அவிய வேற, இந்த அவிய வேறன்னு சொல்லவா?"

"அதைச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றேன். "இல்லன்னா படத்தை எடுங்க. நான் வரலை."

"வரலைன்னா போ. படம்தான் வந்தாச்சுல்லா."

கட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவுக்குள் வந்தது. வனிதாவின் பெயரைச் சொன்னது. நம் ஆட்சி வந்துவிட்டதா என்று அவள் கேட்டதாகச் சொன்னது. அடுத்த தெருவுக்குப் போய் அங்கேயும் சொன்னது.

அவிய வந்துட்டாவளா என்று கேட்ட பிறகு வனிதா ஏதாவது சொன்னாளா என்று அத்தையிடம் கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். இன்னும் வரவில்லை என்று அத்தைதான் பதில் சொன்னாராம். வனிதா கண்ணை மூடிக்கொண்டே சொன்னாளாம்.

"வந்தாவன்னா என்னை எழுப்பிவிடும்மா."