அக்கா அடிக்கச் சொன்ன முடிவுகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பத்திரிகை ஆசிரியரிடம், "அந்தப் பெரிய நகரத்தைப் பற்றி ஒரு பயணக் கட்டுரை தருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போனது அக்காவைப் பார்க்க. பார்த்துப் பதினொரு வருஷம்.

2

முதல் தொடக்கம்: "விமானத்திலிருந்து பார்த்தபோது, நகரம் விளிம்பே இல்லாமல்..." (வேண்டாம். மேலிருந்து பார்த்தால் எல்லா நகரமும் அப்படித்தான்.)

இரண்டாவது: ரயில் நிலையத்துக்கு எட்டு வாசல். தப்பான வாசலில் வெளியேறி, நாற்பது நிமிஷம் சுற்றி, அதே பூக்கடை முன்னால் வந்து நின்றேன். பூக்காரம்மா என் கையிலிருந்த முகவரியை வாங்கிப் பார்த்தார். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தெருமுனை வரை வந்து வழிகாட்டினார். 'இங்கே யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை' என்று ஊரிலேயே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்தேன்.

3

அக்கா வேலை பார்க்கும் ஓட்டலின் அடித்தளத்தில் சலவைப் பிரிவு. நீராவி, இரைச்சல், ஆள் உயரத்துக்கு வெள்ளைப் படுக்கை விரிப்புகள். நடுவில் அக்கா.

"என்னடா, முடியெல்லாம் கொட்டிப்போச்சு?"

(ஒரு வரைவில் அவளை அழவைத்தேன். நிஜத்தில் அழவில்லை.)

வாசகரே, இனியும் மழுப்ப முடியாது. அக்கா ஒரு லிப்ட் மெக்கானிக்கைக் காதலித்ததை அப்பாவிடம் போட்டுக்கொடுத்தது நான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயசு, நல்ல பிள்ளை என்று பெயரெடுக்க ஆசை. அன்றைக்கே அப்பா அவளைத் துரத்தினார். அந்த மெக்கானிக்கையே கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். சொன்னது பக்கத்து வீட்டு அத்தை என்றே நினைத்திருந்தாள்.

4

"அக்கா, அப்பாகிட்ட சொன்னது அத்தை இல்ல. நான்தான்."

அவள் ஒரு விரிப்பை உதறி, மறுமுனையை என்னிடம் நீட்டினாள்.

"பிடி. இழுத்துப் பிடி."

மடித்தோம். ஏழோ எட்டோ மடித்திருப்போம்.

"அத்தை போன் பண்ணப்பல்லாம் எடுக்கவே இல்லடா. செத்துப்போச்சுன்னாங்க. அப்பக்கூட ஒரு வார்த்தை கேக்கல."

5

மறுநாள் வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்தவளிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். முடிவு இரண்டு வைத்திருந்தேன்.

அ) அக்கா மன்னித்தாள்.
ஆ) இனி என் மூஞ்சியில் முழிக்காதே என்றாள்.

"எது சரியா இருக்கும்க்கா?"

"ரெண்டையும் அடி."

"ஏன்?"

"நான் இன்னும் யோசிக்கல. அதுக்குள்ள நீ எழுதி முடிக்காத. எனக்குப் பதிலா நீ முந்திக்கிட்டது ஒருவாட்டி போதும்."

அடித்தேன். பேருந்து வந்தது. கூட்டத்தில் என் சட்டையைப் பிடித்து இழுத்து ஏற்றினாள். எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.