அமுக்கிப் பார்த்த பழங்கள்

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டே பிறந்தவன் என்றுதான் அவனைச் சொல்ல வேண்டும். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவனுக்குச் சூட்டியிருந்த பெயர் 'அவசரம்'. "அவசரத்தக் கூப்பிடுங்கப்பா" என்று யாராவது சொன்னால், சொல்லி வாயை மூடுவதற்குள் வந்து நிற்பான். வேலையில் கெட்டிக்காரன், அதில் குறை சொல்ல முடியாது. வாடிக்கையாளர்கள் லிஃப்ட் பட்டனைப் போட்டுக் குத்து குத்தென்று குத்தினால் அவனுக்குப் பொறுக்காது. "ஒரு தடவ அமுக்கினா போதும் சார். நூறு தடவ அமுக்கினாலும் அது வர்ற நேரத்துக்குத்தான் வரும்" என்பான். உபதேசம் எல்லாம் ஊருக்குத்தானே! தன் வீட்டில் அவன் எந்தப் பட்டனை எத்தனை முறை அமுக்கினான் என்பது அவன் மனைவிக்குத்தான் தெரியும்.

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். இயல்பிலேயே அமைதியானவள். அவளுடைய அம்மா செத்துப்போன பிறகு அந்த அமைதி இன்னும் கனத்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருப்பாள். அவனால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "என்ன யோசிக்கிற?" என்பான். "ஒண்ணுமில்ல" என்பாள். "ஒண்ணுமில்லன்னா ஏன் முகம் இப்படி இருக்கு?" என்பான். கடைக்குப் போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பான். சாப்பிட்டேன் என்றால், என்ன சாப்பிட்டாய் என்பான். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "உள்ள என்ன சத்தத்தையே காணோம்?" என்பான். பாசம்தான், யார் இல்லை என்றார்கள்? பாசத்தையும் சுடச்சுட வாயில் திணித்தால் நாக்கு வெந்துதானே போகும்?

ஒரு நாள் அவள் கண் கலங்குவதற்கு முன்பே தண்ணீர் டம்ளரோடு போய் நின்றான். அவள் டம்ளரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"நான் அழுறதுக்குள்ள ஏன் அழுறேன்னு கேக்குறீங்க. என்ன ஒழுங்கா அழக்கூட விட மாட்டேங்குறீங்க" என்றாள்.

பெரிய பையில் துணிகளை அடுக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "நானாக் கூப்பிடுற வரைக்கும் நீங்க கூப்பிடக் கூடாது. மெசேஜும் கூடாது. மீறி ஏதாவது கேட்டீங்கன்னா, நெசமாத்தான் சொல்றேன், திரும்பி வரவே மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அது அவனுக்குத் தெரியும். அதனால்தான் பயம்.

நம்புவீர்களோ மாட்டீர்களோ, அவன் கூப்பிடவில்லை. போனைக் கையில் எடுப்பான், அவள் படத்தைப் பார்ப்பான், வைப்பான். மேசையில் வைத்தால் கை போகிறது என்று பீரோவுக்குள் வைத்துப் பூட்டினான். பிறகு கம்பெனியிலிருந்து கூப்பிட்டால் எப்படி எடுப்பது என்று பீரோவுக்கு முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். இப்படியே நாட்கள் போனபின் ஒரு திங்கட்கிழமை அவளிடமிருந்து செய்தி வந்தது. 'சனிக்கிழமை மதியம் வரேன். பேசணும்.'

அவ்வளவுதான். 'வரேன்' என்ற வார்த்தையில் அவனுக்கு உயிர் வந்தது. 'பேசணும்' என்ற வார்த்தையில் அது திரும்பப் போனது. என்ன பேச வேண்டும்? நல்லதைப் பேச வருகிறவள் 'பேசணும்' என்றா எழுதுவாள்? பிரிந்து போகிறவர்கள்தானே அப்படி எழுதுவார்கள்? கேட்டுவிடலாம் என்று விரல் துடித்தது. கேட்டால் போச்சு. 'சரி' என்று மட்டும் அனுப்பிவிட்டு இரண்டு அறைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தான்.

நடந்த நடையில்தான் அந்தப் பச்சைக் கூழ் ஞாபகம் வந்தது. அவள் முதலாளி வீட்டு விருந்தில் அவகாடோ என்கிற வெண்ணெய்ப்பழத்தை மசித்து, மொறுமொறு வறுவலோடு வைத்திருந்தார்கள். குவாக்கமோலே என்று பெயர். விருந்தென்றால் ஓரமாக நிற்கிற அவள் அன்று கிண்ணத்தை விட்டு நகரவில்லை. வரும் வழியில், "இத வீட்டுல பண்ணிப் பாக்கணும்" என்றாள். நம்ம ஆள் சும்மா இருப்பானா? மறுநாளே கல் மாதிரிப் பழம் வாங்கி, அன்று சாயங்காலமே வெட்டி, மிக்ஸியில் போட்டு அரைத்துவிட்டான். கசப்பும் நறநறப்புமாக ஏதோ ஒன்று வந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் இரண்டு ஸ்பூன் தின்றாள். அந்த இரண்டு ஸ்பூன் இப்போது அவன் தொண்டையில் நின்றது. இந்த முறை ஒழுங்காகச் செய்ய வேண்டும், காத்திருந்து செய்ய வேண்டும் என்று தீர்மானித்தான்.

ஒரு ஓட்டலில் சரக்கு லிஃப்டைச் சரிபார்க்கப் போனபோது அங்கிருந்த சமையல்காரரைப் பிடித்துக்கொண்டான்.

"மிக்ஸியப் பக்கத்துலயே கொண்டு வராதீங்க" என்றார் அவர். "முள்கரண்டியால மசிங்க. வெங்காயம் பொடியா நறுக்கிப் போடுங்க, பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை, உப்பு. அவ்வளவுதான் கத. பழம் பதமாப் பழுத்திருக்கணும். மத்ததெல்லாம் சும்மா."

பழக்கடைக்காரம்மாவிடம் போய் ஒவ்வொரு பழமாக அமுக்கினான். எல்லாம் கல். மறுபடியும் அமுக்கினான்.

"இது என்ன காலிங் பெல்லா? யாரு உள்ளருந்து கதவத் தெறக்கப் போறாங்க?" என்றார் அந்தம்மா. "அஞ்சு பழம் எடுத்துக்க. பேப்பர்ல சுத்தி வை. சனிக்கிழமைக்குச் சரியா இருக்கும். எடுத்து எடுத்துப் பாக்காத, கேட்டுக்கிட்டியா?"

"பாக்க மாட்டேன்மா" என்றான். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, பாவம். அந்த நேரத்தில் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான்.

செய்தித்தாளில் சுற்றி அடுப்பு மேடை மூலையில் வைத்தான். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவினவன் ஒன்றைப் பிரித்துக் கட்டைவிரலால் அமுக்கினான். கல். காலையில் பல் தேய்த்துக்கொண்டே அமுக்கினான். வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. ஐந்தில் ஒன்றை மட்டும் அமுக்கினால் மற்றதெல்லாம் எப்படி இருக்கிறதென்று தெரியாதே என்று ஐந்தையும் அமுக்கினான். வியாழக்கிழமை லேசாக விரல் பதிந்தது. அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்! பதிகிறதா என்று மறுபடியும் பார்த்தான். பதிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாங்க முடியாமல் சகலைக்குப் போன் போட்டான். அவளுடைய அக்கா புருஷனைக் கூப்பிடக் கூடாதென்று நிபந்தனையில் இல்லையே!

"சகல, உங்க வண்டி எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுது."

"அங்க மழையா?"

"உங்க வீட்டுல பேஞ்சா எங்க வீட்டுலயும் பேயும். ரெண்டு தெருதான தள்ளி இருக்கோம்? கேக்க வந்ததக் கேளுங்க சகல."

நாக்கு நுனியில் நின்றது. எப்படி இருக்கிறாள்? என்ன பேச வருகிறாள்? ஒரு வார்த்தை போதும், சகலை சொல்லிவிடுவார். ஆனால் இவரைக் கேட்பது அவளைக் கேட்பதுதானே?

"குவாக்கமோலே பண்ணப் போறேன். அதுக்கு வெங்காயம் சின்னதா, பெருசா?"

"குவாக்... என்னது? தவள கத்துற மாதிரி இருக்கு. என்னக் கேட்டா எனக்கு என்ன தெரியும்?" என்று சகலை சிரித்தார். அவன் போனை வைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போய் ஐந்து பழங்களையும் வரிசையாக அமுக்கினான்.

சனிக்கிழமை காலை குடியிருப்பு லிஃப்ட் நின்றுபோனது. அது வேறு கம்பெனி லிஃப்ட், அவன் கை வைக்கக் கூடாது. ஊரில் உள்ளவனையெல்லாம் மேலே ஏற்றி இறக்குகிறவன் எலுமிச்சைக்காகவும் கொத்தமல்லிக்காகவும் நாலு மாடி இறங்கி ஏறினான். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கினான். மிளகாயை விதை எடுத்து நறுக்கினான். எல்லாம் தயார். பழங்களைப் பிரித்தான். தோல் கறுத்து, பிடித்தால் மெத்தென்று இருந்தது. கத்தியை ஓட்டி, இரண்டு பாதியையும் திருகிப் பிரித்தான்.

உள்ளே வெண்ணெய் மாதிரிப் பச்சையும் மஞ்சளும். அதன் நடுநடுவே கறுப்புத் திட்டுகள்.

"ஏமாத்திட்டாளே அந்தம்மா! அழுகினதத் தலையில கட்டிட்டா" என்று பல்லைக் கடித்தான். இரண்டாவது பழத்தை வெட்டினான். அதிலும் கறுப்பு. மூன்றாவதிலும். எல்லாத் திட்டும் ஒரே அளவு, நீள்வட்டம், ஓரத்திலேயே. அவனுக்குச் சுருக்கென்றது. திட்டின் மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். அச்சாகப் பொருந்தியது. பாவி, நீயேதானா!

அப்போது அழைப்பு மணி அடித்தது.

அவளிடம் சாவி இருக்கிறது. சாவி இருக்கிறவள் ஏன் மணி அடிக்கிறாள்? கதவைத் திறந்தான். அவள் நின்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு, கொஞ்சம் இளைத்து. தோளில் சின்னக் கைப்பை. பெரிய பை இல்லை. சுற்றிலும் பார்த்தான். இல்லவே இல்லை.

கொண்டுபோன பையைக் கொண்டுவரவில்லை என்றால் என்ன அர்த்தம்? 'பை எங்க?' இரண்டே வார்த்தை. தொண்டை வரை வந்தது. உதட்டைக் கடித்து அதை அப்படியே விழுங்கினான். வாழ்க்கையில் இத்தனை கஷ்டமான எதையும் அவன் விழுங்கியதில்லை.

"வா" என்றான்.

அவள் உள்ளே வந்து தானே தண்ணீர் எடுத்துக் குடித்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள். வெங்காயம், மிளகாய், எலுமிச்சை, பிளந்து கிடக்கும் பழங்கள். ஒரு பாதியைக் கையில் எடுத்தாள். லென்ஸில் கீறல் தேடுகிறவள் அல்லவா, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். வெட்டாமல் இருந்த இரண்டையும் தானே வெட்டினாள். பிறகு அவன் கையைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலைப் பார்த்தாள்.

"அக்கா வீட்டுல தெனமும் போனப் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். "எப்படியும் கூப்பிட்டுருவீங்க, சண்ட போடலாம்னு இருந்தேன். நீங்க கூப்பிடவே இல்ல. மனுஷன் மாறிட்டாரா, இல்ல விட்டுட்டாரான்னு நெனச்சேன்." பழத்தை நீட்டினாள். "என்னக் கேக்க வேண்டியதயெல்லாம் இதுங்ககிட்டயே கேட்டீங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினான். கண் நிறைந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், அதுகூடத் தோன்றவில்லை.

அவள் ஸ்பூனை எடுத்துக் கறுப்பை மட்டும் சுரண்டித் தள்ளிவிட்டு, நல்லதைக் கிண்ணத்தில் வழித்துப் போட்டாள். ஐந்து பழத்தில் பாதிக் கிண்ணம் தேறியது. அவன் முள்கரண்டியால் மசிக்க ஆரம்பித்தான். அவள் எலுமிச்சையைப் பிழிந்தாள். பிழிந்துகொண்டே அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நிறுத்தாமல். அவன் தலையைத் தூக்கவில்லை. கேட்கவில்லை. மசித்துக்கொண்டே இருந்தான். கூழில் ஒரு கட்டிகூட இல்லை, அப்போதும் மசித்தான்.

"நகம் வெட்டி விடுன்னாங்க அம்மா" என்றாள் அவள். "ஆஸ்பத்திரியில. பஸ்ஸுக்கு நேரமாச்சு, நாளைக்கு வெட்டி விடுறேம்மான்னு சொல்லிட்டு ஓடிட்டேன். மறுநாள் நான் போறதுக்குள்ள..."

மாமியாரின் வெட்டாத நகங்கள் அவனுக்கு ஞாபகம் வந்தன. 'அதுக்கு நீ என்ன பண்ணுவ' என்ற வார்த்தை வாயில் எழும்பியது. அதையும் சேர்த்து விழுங்கினான். கரண்டியை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் நின்றான்.

அழுது தீர்ந்ததும் அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"பேசணும்னு சொன்னேன்ல, இதத்தான். அம்மாவப் பத்திப் பேசணும். அக்காகிட்ட சொன்னா அவளும் அழுவா. உங்ககிட்ட இல்லாம வேற யார்கிட்ட பேசுவேன்?"

இதற்கா! இந்த ஒரு வார்த்தைக்கா ஒரு வாரமாகச் செத்துப் பிழைத்தான்! அவன் அப்படியே மேடையில் சாய்ந்துகொண்டான். அவள் விரலால் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தாள்.

"உப்பு பத்தல. மத்தபடி நல்லா வந்திருக்கு." அவன் முகத்தையே பார்த்தாள். "கதவத் தெறந்ததுலருந்து ஒரு கேள்வி உங்க வாயில நிக்குது. கேட்டிருந்தீங்கன்னா அப்பவே சொல்லியிருப்பேன்."

அவன் உப்பு டப்பாவை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"பையி கீழ வாட்ச்மேன்கிட்ட இருக்கு. லிஃப்ட் ஓடல. சாவியும் அதுக்குள்ளதான். அம்மா சாமான் வேற இருக்கு, நாலு மாடி யாரு தூக்குறது?"

செருப்பைக்கூட மாட்டாமல் அவன் வாசலைத் தாண்டினான்.

"ஏங்க! மெதுவாப் போங்க, விழுந்துரப் போறீங்க!" என்று கத்தினாள் அவள்.

அவன் அதற்குள் இரண்டாம் மாடியைத் தாண்டியிருந்தான்.