துடைக்காமல் விட்ட இடம்

மீன் காட்சிசாலையில் மாமியாருக்கு ஆமைத் தொட்டி, மருமகளுக்கு நத்தைத் தொட்டி. கதவு திறப்பதற்குள் கண்ணாடியில் பாசி இல்லாமல் சுரண்டியாக வேண்டும்.

கடலாமைக்கு அண்டா கவிழ்த்த மாதிரி முதுகு. நீளப் பிரஷ்ஷைப் பார்த்தால் தானாக வந்து நிற்கும். தேய்த்தால் பின்பக்கத்தை ஆட்டும். "என் இடுப்பை இப்படித் தேய்ச்சுவிட யாரு இருக்கா?" என்பாள் மாமியார். மருமகளிடம் இருப்பவை ஓடில்லாத கடல் நத்தைகள் இரண்டு. விரல் நீளம், நீல நிறம். யாரோ மூக்கைச் சிந்திவிட்டுப் போனது போலிருக்கும் என்று மாமியார் அந்தப் பக்கமே போவதில்லை.

நேற்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். "நத்தையைப் பாக்க ஒருத்தரும் நிக்கறதில்ல. வாரக் கடைசியில தொட்டியை எடுத்துடறோம். அப்புறம் ஒரு ஆள் போதும்."

எந்த ஆள் என்று கேட்கத் தேவையில்லை. பிந்தி வேலைக்கு வந்தவள் மருமகள். மூட்டை தூக்கித் தோள் இறங்கிப்போய் மகன் வீட்டில் கிடக்கிறான். ஒரு சம்பளத்தில் அடுப்பு ஒருவேளைதான் எரியும்.

இன்று மாமியாரே அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் நத்தைத் தொட்டிக் கண்ணாடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக ஒரு கறை. வேலை போகிற நேரத்தில் இப்படியா? மாமியார் சுரண்டியை உள்ளே விட்டாள்.

"அத்தே, கையை எடுங்க! அது முட்டை!"

கை நின்றது. ரிப்பன் மாதிரி சுருளுக்குள் கடுகைவிடச் சின்னதாய்ப் புள்ளிகள்.

"ஆமையாவது குழி தோண்டி மூடிட்டுப் போகும். இது சுவத்துல ஒட்டிட்டுப் போயிடுச்சே."

"ரெண்டும் திரும்பிப் பாக்காது அத்தே."

"அதுக்கு ஓடு இருக்கு. இதை எவனாவது கடிச்சா?"

"கசக்குமாம். துப்பிடுவான்."

"அப்ப உனக்குச் சொந்தந்தான்."

மருமகள் சிரித்தாள். மாமியார் ரிப்பனைச் சுற்றி மட்டும் சுரண்டினாள். ஒரு கறையைத் தெரிந்தே விட்டது இதுதான் முதல் தடவை; கை அரித்தது.

சூப்பர்வைசர் வந்தார். "என்னம்மா இது அழுக்கு?"

"அழுக்கில்ல சார், பிரசவம். பிள்ளை பெத்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவீங்களா?"

அவர் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். ஆயிரக்கணக்கில் புள்ளிகள். "சரி, ஒரு பலகை மாட்டிப் பாப்போம். ஆளுங்க நின்னா இருக்கட்டும். நிக்கலைன்னா எடுத்துருவேன்."

'முட்டை பொரியப் போகிறது' என்று பலகையில் எழுதி மாட்டினார்கள். மத்தியானம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். ஆமையைத் தாண்டி ஓடிவந்து கண்ணாடியில் மூக்கை அழுத்தினார்கள், விரலை இழுத்தார்கள், ஒருத்தி நக்கியும் பார்த்தாள். அவர்கள் போனபின் கண்ணாடி பார்க்கச் சகிக்கவில்லை.

மருமகள் துணியை எடுத்தாள். மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருடி. அவரு வந்து பாக்கட்டும்."