நெட்டையனின் இருபது காடிகள்

கிட்டார் செய்கிறவள் புதிய விரல்பலகையில் ஃப்ரெட் கம்பி பதிப்பதற்கான முதல் காடியை அறுத்து முடித்த அன்று, அவள் கணவன் நாலு அங்குலம் குட்டையானான். அவன் பஸ் டிரைவர். தெருவில் நெட்டையன் என்றால்தான் தெரியும். பேன்ட் தரையில் புரள்வதைப் பார்த்துத் தையல்காரரைத் திட்டினான். இரண்டாவது காடிக்குச் சட்டைக் கை விரலை மூடியது. மூன்றாவதில் ரம்பம் பாதி இறங்கும்போதே அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலறினான். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இதற்கு முன் எத்தனையோ கிட்டார் செய்திருக்கிறாள், ஒன்றும் ஆனதில்லை. இந்தப் பலகை மட்டும் ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டாள். வலி நிற்கவில்லை. மாத்திரைக்கும் அடங்கவில்லை, ஊசிக்கும் அடங்கவில்லை. பாதியில் நின்ற காடிதான் வலிக்கிறது என்று நெட்டையனே கண்டுபிடித்தான். "பாதில விட்டுட்டியேடி, முடிச்சுத் தொலை," என்றான். முடித்தாள். வலி போனது, கூடவே இன்னொரு மூன்றரை அங்குலமும் போனது. அதோடு பலகையைப் பரணில் போட்டுவிடலாம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். மறுநாள், இன்னும் அறுக்காத நான்காவது கோடு வலிக்கத் தொடங்கியது.

வினை அவளுடைய வேலைச் சுத்தத்தில் இருந்தது. அரைகுறைகள் ஒரு காடியிலிருந்து அடுத்த காடியை அளப்பார்கள். மயிரிழைப் பிசகுகள் சேர்ந்து சேர்ந்து கடைசியில் சுருதி கெட்டுப் போகும். அவள் இருபதையும் பலகையின் ஒரே முனையிலிருந்து அளந்து, அறுப்பதற்கு முன்பே கத்தியால் கீறி வைத்திருந்தாள். கோடுகளைச் சீவிவிடலாம் என்று இழைப்புளியை எடுத்தாள். முதல் சுருள் எழுந்ததுமே அவன் முதுகில் தோல் உரிந்தது.

அதனால் அறுத்தாள். மரக்கட்டையை அணை கொடுத்து, ரம்பம் இம்மியும் சாயாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தாள். பிரேக் எட்டாமல் அவனுக்கு வேலை ஐந்தாவதிலேயே போயிற்று. ஏழாவது அரை நூல் சாய்ந்தது, அன்றிலிருந்து இடது காலை இழுத்து நடந்தான். பன்னிரண்டாவது காடி கம்பி நீளத்தின் சரிபாதியில் விழுந்தது, அவனும் சரிபாதி ஆனான். "இனி பஸ்ல எனக்கு அரை டிக்கெட் போதும்," என்றான். அவள் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக அழுதாள்.

தாயில்லாத அவனை வளர்த்தவள் அவன் அக்கா. விஷயம் கேள்விப்பட்டு வந்து, வாசலில் நின்று தெருவையே வாங்கு வாங்கென்று வாங்கினாள். "என் தம்பியக் கண்ணு முன்னாலயே அறுத்துக் கொல்றா, நீங்கல்லாம் வேடிக்கை பாக்குறீங்களா?"

"அவ அறுக்கலைன்னாதான்க்கா வலிக்குது," என்று அவன் சொன்னது அக்காவின் காதில் ஏறவில்லை.

இருபதாவது முடிந்ததும் வலி அடியோடு நின்றது. இரண்டடிக்கும் குறைவாக இருந்தான். மீசையும் குரலும் கோபமும் பழையபடியே இருந்தன. இனி அறுக்க ஒன்றுமில்லை, இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று அவளுக்கு உயிர் வந்தது. அவன் வீட்டில் இருக்க வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். கிட்டாருக்குக் கம்பி கட்டினாள். அவன் மேசைமேல் உட்கார்ந்து மீட்டிப் பார்த்தான். சாய்ந்த ஏழாவதைத் தவிர ஒவ்வொரு காடியிலும் சுருதி சுத்தமாக நின்றது.

மறுநாள் காலை அக்கா மறுபடியும் வந்தாள். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "விடுக்கா, நான் வரலை, இதான் என் வீடு," என்று கத்தினான். கதவு நிலையைப் பிடிக்கப் பார்த்தான், கை எட்டவில்லை. கிட்டார் செய்கிறவள் தெருமுனைவரை பின்னால் ஓடினாள். கட்டினவளிடமிருந்து ஒரு ஆளை அப்படிக் கொண்டுபோகலாமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தூக்குகிற அளவில் இருந்தான், தூக்கிக்கொண்டு போனாள் என்றுதான் தெருவில் சொன்னார்கள்.